படுதாவுக்குக் கீழே நான்கு கால்கள்

என் பெயர் அப்பாதுரை. தகப்பனார் பெயர் தசரதன். வயது அறுபத்திரண்டு. இரும்புலியூர் பெருமாள் கோயில் தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். என்ன தொழில் என்று ஆய்வாளர் கேசவன் அவர்கள் கேட்டார். பெருமாளுக்கு வேட்டைத்துணை என்று சொன்னேன். அப்படி ஒரு தொழில் கிடையாது என்று அவர் சொன்னதால், வீட்டு வாடகையில் ஜீவிப்பவர் என்று எழுதிக்கொள்ளச் சம்மதித்தேன்.

நான் இப்போது சொல்லப்போவதை இந்த நிலையத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று பெருமாள் சாட்சியாக உறுதி கூறுகிறேன். நாளைக்கு இதை நீதிமன்றத்தில் படித்தாலும் நம்பமாட்டார்கள். நம்பும்படியான விஷயங்கள் எங்கள் குடும்பத்தில் நடந்ததே இல்லை.

சம்பவத்துக்குள் போகும் முன் ஒன்றைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். என் தங்கை கிளியம்மாளின் மகள் தேவதர்ஷினி காவலர் தேர்வில் எழுத்தும் ஓட்டமும் தேறி, நன்னடத்தைச் சரிபார்ப்பு ஒன்று மட்டும் பாக்கியாக இருக்கிறாள். அந்தக் கோப்பு இதே நிலையத்தில், ஆய்வாளரின் மேசைமேல், என் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஒரு வழக்கில் பெயர் ஏறினால் அந்த வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் இந்தச் சம்பவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்தப் பெண்ணைப் பற்றி நாங்கள் இன்னும் கேட்கவே இல்லையே என்று ஆய்வாளர் சொன்னார். கேட்பதற்கு முன்பே பதில் சொல்வது எங்கள் வம்சத்து வழக்கம் என்று சொன்னேன். பக்கத்து நாற்காலியில் இருந்த உதவி ஆய்வாளர் கோகிலவாணி அவர்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் ஊர்ப் பெருமாள் விஜயதசமி அன்று மாலையில் மரக்குதிரை வாகனத்தில் ஏறிப் பாரிவேட்டைக்குப் புறப்படுவார். வன்னி மரத்தடிக்கு வந்ததும் அவர் சார்பில் பட்டர் மரத்தின் மேல் அம்பு விடுவார். அம்பு விட்டதும் எங்கள் குடும்பத்து ஆள் ஒருவர் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துப் பிடித்து ஒரு வேட்டு போட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் வேட்டை முடிந்தது என்று கணக்கு. அதன் பிறகுதான் சாமி கோயிலுக்குத் திரும்பும். சத்தம் கேட்காமல் சாமி திரும்பியதாக இதுவரை சரித்திரம் இல்லை. திரும்பினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் ஊரில் யாருக்கும் கிடையாது.

துப்பாக்கி என்றால் நாட்டுத் துப்பாக்கி. உரிமம் உண்டு. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ரவை போடுவதில்லை, வெறும் சத்தம்தான். பின்பக்கத்தில் மூக்கு மாதிரி ஒரு முனை இருக்கும். கேப்பு என்று சொல்லப்படும் சின்னச் செப்புத் தொப்பியை அந்த மூக்கின் மேல் மாட்டி விசையை இழுத்தால், சுத்தி வந்து கேப்பில் அடிக்கும். பொறி மூக்கு வழியாக உள்ளே போய் மருந்தைப் பிடிக்கும். போன வருஷம் நான் போட்ட வேட்டில் வண்டலூர்ப் பூங்காவில் வெள்ளைப் புலி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அனகாபுத்தூரில் தறிகளில் நூல் அறுந்தது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று, யார் மேலோ மோதிவிட்டோம் என்று பயந்து மறுபடி மேலே போய்விட்டது. இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று ஆய்வாளர் எழுத்தரிடம் சொன்னார். என் வாக்குமூலத்தில் என் வாக்குதான் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

நான் சுடும் முறையைப் பற்றியும் கேட்டார்கள். வேட்டு போடும்போது இமைகொட்டாமல் வானத்தைப் பார்ப்பேன். புகை கண்ணுக்குள் போனாலும், தீப்பொறி புருவத்தில் விழுந்தாலும் இமை அசையாது. எங்கள் வம்சத்தில் கண் சிமிட்டியவன் என்று ஒருவன் பிறக்கவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏனென்றால் நான்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வன்னி மரம் இருக்கும் இடம் முன்பு எங்கள் நிலம். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. மரத்தை வெட்டக் கூடாது, விஜயதசமிக்குச் சாமி வந்துபோக வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் பேரில் நிலம் கைமாறியது. அதனால் கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்தும் இடத்துக்கு நடுவே, வானம் தெரியும்படி சதுரமாக விட்டு, அதில் மரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஜீவரத்தினம் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கிறிஸ்தவ வேதக்காரர், ஒரு எறும்பைக்கூட மிரட்டாதவர். வருஷத்துக்கு ஒரு மாலை பெருமாளை விசிட்டர் பார்க்கிங்கில் நிறுத்திக்கொள்ள அவர் அனுமதித்து வந்தார். இந்த வழக்கில் புகார் கொடுத்திருப்பவரும் அவரே. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மற்ற வீட்டுக்காரர்கள் அவரை வாட்ஸப்பில் பிழிந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு வருஷமும் வேட்டுக்கு இந்த நிலையத்தில் அனுமதி வாங்குகிறோம். இந்த வருஷத்து அனுமதியில் கண்ட நிபந்தனைகள் எனக்கு மனப்பாடம். இரண்டு கேப்பு நிலையத்திலிருந்து ஒட்டிய கவரில் தரப்படும். கேப்பைச் சுத்தியால் அடித்தே வெடிக்க வேண்டும். தீக்குச்சி, ஊதுவத்தி, லைட்டர், மின்பொறி எதையும் துப்பாக்கிக்குக் காட்டக் கூடாது. முன்னொரு வருஷம் என் பெரியப்பா மகன் ஊதுவத்தியைக் காட்டி ஒரு பக்கத்து மீசையை இழந்ததிலிருந்து இந்த நிபந்தனை. மருந்து கெட்டித்த துப்பாக்கியைத் தெருவில் எடுத்துச் செல்லக் கூடாது. கெட்டித்த துப்பாக்கியைக் கையை விட்டுக் கீழே வைக்கக் கூடாது. மழையில் கேப்பு கெட்டுப்போனால் மாற்றுக் கேப்பு கேட்டு அடுத்த வேலைநாளில் எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும்.

சம்பவத்தன்று மாலை சாமி புறப்பட்டபோது வானம் துடைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. குடியிருப்பு வாசலுக்குள் குதிரை வாகனம் நுழைந்த பிறகு மழை பிடித்தது. அதை மழை என்று சொல்வது மரியாதைக் குறைவு. செம்பரம்பாக்கம் ஏரியை யாரோ இரண்டு கையால் தூக்கி எங்கள் தலையில் கவிழ்த்தார்கள். தவளைகள் லிஃப்டில் ஏறின. அதன் பிறகு வாசலுக்கு வெளியே சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறி, உள்ளே வந்தவர் வெளியே போக முடியாமலும், வெளியே இருந்தவர் உள்ளே வர முடியாமலும் ஆனது. கொட்டுக்காரர்கள், சாமி தூக்கும் சீர்பாதம் தாங்கிகள், பெண்டுபிள்ளைகள், பந்தோபஸ்துக்கு வந்த கோகிலவாணி அம்மா எல்லாரும் கார்களுக்கு நடுவே நின்றோம். மரத்தைப் பார்த்தபடி குதிரையைத் தாங்குகட்டையில் நிறுத்தி, நனையாமல் பெரிய நீலப் படுதா ஒன்றைப் போர்த்தினார்கள்.

பட்டர் குடைக்குள் இருந்தபடி அம்பை விட்டார். அதற்கு முன்பே நான் மருந்தைக் கொட்டி, நாரை அடைத்து, இடித்துக் கெட்டித்துவிட்டேன். கவரைப் பிரித்து முதல் கேப்பை எடுத்தேன். மழையில் விரல் வழுக்கி அது கீழே விழுந்து, ஓடுகிற தண்ணீரோடு போய், தரையிலிருந்த சல்லடை மூடிக்குள் மறைந்தது. அதன் பிறகு இரண்டாவது கேப்பை மாட்டி விசையை இழுத்தேன். கேப்பு வெடித்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை. தும்மல் வந்து நின்றுபோன மாதிரி ஒரு சத்தம். மூக்குக்குள் மருந்து ஈரமாகியிருந்தது.

அப்போது நான் மாட்டிக்கொண்ட விதத்தை நன்றாக எழுதிக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக்குள் மருந்து இருக்கிறது, கேப்பு இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றால் கெட்டித்த துப்பாக்கியோடு தெருவில் நடக்கக் கூடாது. கீழே வைக்கலாம் என்றால் கையை விட்டு இறக்கக் கூடாது. மருந்தை வெளியே எடுக்கலாம் என்றால் இடித்து இறக்கிய நார் வந்த வழியே வராது. எங்கள் துப்பாக்கியைக் காலி செய்ய நாங்கள் அறிந்த ஒரே வழி அதை வெடிப்பதுதான். வெடிக்கக் கேப்பு வேண்டும். கேப்பு நிலையத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த வேலைநாளில் மனு கொடுக்க வேண்டும். அடுத்த நாள் ஞாயிறு. ஆக, திங்கட்கிழமை காலை வரை நான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு வன்னி மரத்தடியில் நிற்பது என்று அரசாங்கம் தீர்மானித்திருந்தது. சத்தம் கேட்காமல் திரும்புவதில்லை என்று பெருமாளும் தீர்மானித்திருந்தார்.

ஜீவரத்தினம் சார் கால்சட்டையை மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். சாமி நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருபது கார்கள் மாட்டியிருப்பதாகவும், மேல் மாடியிலிருந்து ஒருவர் ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டியிருப்பதாகவும் சொன்னார். ஏர்போர்ட்டில் விமானமே மிதந்துகொண்டிருக்கும் என்று சொன்னேன். பெருமாளைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டார். நகர்த்தலாம், ஆனால் அவராக நகர்ந்த மாதிரி இருக்காது என்று பட்டர் சொன்னார். வாத்தியார் வீட்டுக்குப் போய் அவருடைய சம்சாரம் ரத்தினபாய் அம்மாளிடம் சொல்லி எல்லாருக்கும் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு கோகிலவாணி அம்மா தூணுக்குப் பின்னால் இருந்தபடி என்னிடம் சட்டம் பேசினார். இதை வார்த்தை மாறாமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"சார், கேப்பு இல்லல்ல? கேப்பு இல்லாத துப்பாக்கி ரூல்படி காலித் துப்பாக்கி. நீங்க பாட்டுக்கு எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க, யாரும் கேஸ் போட மாட்டாங்க."

"உள்ள மருந்து கீதேம்மா."

"மருந்து இருந்தா என்ன சார், பொறி வைக்க வழி இல்லன்னா அது வெறும் குழாய்தான்."

"வெறும் குழாய்க்கா தூணுக்குப் பின்னாடி நிக்கிறீங்க?"

"மழை சார்."

"தூணுக்கு இந்தாண்டயும் கூரைதாம்மா கீது."

அவர் தூணை விட்டு வெளியே வரவில்லை. சட்டம் காலி என்கிறது. சட்டத்தை வைத்திருப்பவர் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். கை வலித்தது. குழாயில் மழை போகாமல் வாயை ஒரு பிளாஸ்டிக் காப்பிக் கப்பால் மூடியிருந்தேன்.

அந்த நேரத்தில் தேவதர்ஷினி எங்கே இருந்தாள் என்று ஆய்வாளர் கேட்டார். கூட்டத்தில் இருந்தாள். காவலர் தேர்வுக்கு ஓடி ஓடி உரம் ஏறிய பிள்ளை என்பதால் காப்பித் தட்டைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை என் பக்கம் வந்தாள். "மாமா, ராத்திரிபூரா இப்படியே நிப்பியா? கை நடுங்குது பாரு" என்றாள். "பெருமாளுக்கு முன்னால நடுங்குறது பக்திடி" என்றேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. அவள் காலில் என்ன செருப்பு இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. இந்தக் கேள்வியை ஆய்வாளர் கேட்பதற்கு முன்பே நான் பதில் சொன்னதாக எழுத்தர் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு காற்று வீசியது. நான் குதிரைமேல் இருந்த நீலப் படுதாவின் ஒரு பக்கத்தை இழுத்து என் தலைமேல் போட்டுக்கொண்டு, குழாயை மட்டும் வெளியே வானத்தைப் பார்த்து நீட்டி, காப்பிக் கப்பை எடுத்துவிட்டு நின்றேன். எதற்காகக் கப்பை எடுத்தீர்கள், வெடிக்கப்போகிறது என்று தெரிந்துதானே என்று ஆய்வாளர் கேட்டார். பெருமாளுக்கு நம்பிக்கை காட்டுவதற்காக எடுத்தேன். பட்டர் மறுபடி ஒரு அம்பு விட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி அம்பு போனதும் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்து தரையைப் பார்ப்பார்கள். அன்றும் அப்படியே குனிந்தார்கள். கோகிலவாணி அம்மா தூணோடு தூணாக நின்றார்.

துப்பாக்கி வெடித்தது.

சத்தத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. எங்கோ ஓடிக்கொண்டிருந்த மின்சார ரயில் தாம்பரம் ஸ்டேஷன் வந்துவிட்டது என்று நினைத்து நின்றது என்பதோடு விடுகிறேன். குழாயிலிருந்து பறந்த தேங்காய் நார் எரிந்தபடி மேலே போய், வன்னிக் கிளையில் பட்டுத் திரும்பி, கூரைக்கு அடியில் வந்து ஜீவரத்தினம் சாரின் கார்மேல் போட்டிருந்த உறையில் விழுந்து ஓட்டை போட்டது. காருக்குச் சேதம் இல்லை. சாமி உடனே திரும்பியது. வெள்ளத்தில் இறங்கி, தண்ணீரைப் பிளந்துகொண்டு கோயிலுக்குப் போனது. ஜனங்கள் கோவிந்தா போட்டார்கள். மேல் மாடியிலிருந்து யாரோ அவசர எண்ணுக்குப் பேசி, பயங்கரவாதிகள் குதிரையில் வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

துப்பாக்கி எப்படி வெடித்தது என்பதற்கு என் விளக்கம் மின்னல். வானத்தில் மின்னல் புறப்பட்டு, இரும்புலியூரில் எத்தனையோ செல்போன் கோபுரங்கள் இருக்க, அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பெருமாளின் வேட்டை தடைபட்டதே என்ற வருத்தத்தில் நேராக என் துப்பாக்கியின் மூக்கில் வந்து உட்கார்ந்தது. மின்னல் அடித்தவர் உயிரோடு இருக்க முடியுமா என்று ஆய்வாளர் கேட்டார். என்னைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். மின்னலும் மின்பொறிதானே, நிபந்தனைப்படி அதையும் காட்டக் கூடாதே என்று கேட்டார். நான் காட்டவில்லை, அதுவாக வந்தது என்றேன்.

அதன் பிறகு ஆய்வாளர் எனக்குக் குடியிருப்பின் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். மழையில் கேமராக் கண்ணாடியின் மேல்பாதி மங்கி, தரைப் பக்கம் மட்டும் தெளிவாக இருந்தது. நீலப் படுதா தெரிந்தது. படுதாவுக்கு வெளியே என் இடதுகை குழாயைப் பிடித்திருப்பது தெரிந்தது. என் வலதுகை காற்றில் படுதா பறக்காமல் அதன் ஓரத்தைப் பிடித்திருப்பது தெரிந்தது. வெடிக்கும் நொடியில் இரண்டு கையும் வெளியே இருக்கின்றன. அப்படியானால் உள்ளே மூக்குக்கு நெருப்புக் காட்டிய மூன்றாவது கை யாருடையது என்று கேட்டார். அடுத்து, படுதாவுக்குக் கீழே நான்கு கால்கள் தெரிவதாகச் சொன்னார். நானும் பார்த்தேன். இரண்டு என்னுடையவை. மற்ற இரண்டும் பெருமாளின் குதிரைக்குச் சொந்தமானவை என்று சொன்னேன்.

"குதிரைக்கு ஹவாய் செருப்பு யார் சார் போட்டது? அதுவும் வாரு அறுந்து ஊக்கு குத்தினது?"

"சேறு சார். சாமி குதிரை. யாரோ பக்தர் போட்டுருப்பார்."

எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. அந்தச் செருப்பு இப்போது எங்கே என்று கேட்டார். வெள்ளம் கொண்டுபோய் அடையாற்றில் சேர்த்து, இந்நேரம் கடலில் ஏதாவது மீன் போட்டுக்கொண்டு நடக்கும் என்று சொன்னேன்.

அதன் பிறகு மேசைமேல் ஒரு லைட்டரை வைத்தார். மெழுகுவர்த்தி கொளுத்துகிற, நீளமான மூக்குடைய லைட்டர். ரத்தினபாய் அம்மாள் வீட்டுடையது. மரத்தடியில் கிடைத்தது. அதைச் சமையலறையிலிருந்து யார் வாங்கி வந்தார்கள் என்று கேட்டார். கற்பூரம் கொளுத்த யாராவது வாங்கியிருப்பார்கள், தீப்பெட்டி நனைந்துவிட்டது என்று சொன்னேன். ஆரத்தித் தட்டில் கற்பூரம் ஒரு கட்டிகூட எரியாமல் அப்படியே இருந்ததே என்று கேட்டார். கற்பூரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ரத்தினபாய் அம்மாளைக் கேட்டதில், காப்பித் தட்டு எடுக்க வந்த பிள்ளைகளில் யாரோ கேட்டது, முகம் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டாராம். அவர் ஜபத்தில் அத்தனை பேர் பெயரையும் சொல்லி வேண்டுகிறவர். ஞாபக சக்தி குறைந்தவர் என்று இதுவரை கேள்விப்பட்டதில்லை.

நான் அப்போது என்னுடைய கடைசி நியாயத்தை வைத்தேன். கேப்பு இல்லாத துப்பாக்கி ரூல்படி காலி என்று சொன்னது இந்த நிலையத்து உதவி ஆய்வாளர். காலித் துப்பாக்கி வெடித்தால் அது துப்பாக்கியின் தவறு, பிடித்தவர் தவறல்ல. காலி இல்லை, கெட்டித்ததுதான் என்றால், கெட்டித்த துப்பாக்கியை ஒரு கிழவன் கையில் விட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் போனது யார் என்று கேட்க வேண்டிவரும். கோகிலவாணி அம்மா என்னைப் பார்த்தார். ஆய்வாளர் கோகிலவாணி அம்மாவைப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஆய்வாளர் எழுத்தரிடமிருந்து காகிதத்தை வாங்கி, மேலே நான் சொன்ன ஒரு பகுதியை நிதானமாகப் படித்தார். வேட்டு போடும்போது இமைகொட்டாமல் இருப்பேன், எங்கள் வம்சத்தில் கண் சிமிட்டியவன் பிறக்கவில்லை என்ற பகுதி. படித்துவிட்டுச் சொன்னார்:

"அப்பாதுரை சார், ஊரே தரையைப் பார்த்தது. இவங்க தூணுக்குப் பின்னாடி. கேமரா மங்கல். படுதாவுக்குள்ள கண்ணத் தொறந்துகிட்டு இருந்த ஒரே ஆள் நீங்கதான். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப சொல்லுங்க, உங்க பக்கத்துல நின்னது யாரு? தெரியாதுன்னு சொன்னா பொய் சாட்சி. தெரியும்னா பேரு சொல்லணும்."

மேசைமேல் இருந்த தேவதர்ஷினியின் கோப்பைப் பார்த்தேன். அதன் மேல் அவளுடைய போட்டோ ஒட்டியிருந்தது. போட்டோவுக்காகத் தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்தினார்கள். எழுத்தர் எங்கள் தெருவில் என் தங்கை வீட்டுக்கு எதிர் வீட்டில் குடியிருப்பதால், அவர் இதை எழுதலாம், பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். நீதிமன்றத்தில் இந்தப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் படிக்க வழியுண்டா என்றும் கேட்டேன். வழியில்லை என்று சொன்னார்கள்.

நான் வேட்டு போடும்போது இரண்டு கண்களையும் மூடிக்கொள்வேன். இறுக்கி மூடிக்கொள்வேன். இந்த வருஷம் மட்டுமல்ல, முதல் வருஷத்திலிருந்தே அப்படித்தான். எனக்கு அந்தச் சத்தம் பயம். துப்பாக்கியைத் தூக்கியதுமே மூடினால் புகை அடங்கிய பிறகுதான் திறப்பேன். ஊர் முழுவதும் தலைகுனிந்து நிற்பதால் இதுவரை எவரும் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் சின்ன வயதில் வழக்கம் தெரியாமல் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டது. இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆள் பெயரும் நான் சொல்லப்போவதில்லை. அன்று படுதாவுக்குள் என் பக்கத்தில் யாரோ நின்றிருக்கலாம். நான் பார்க்கவில்லை.

இதை நம்ப முடியாது என்று ஆய்வாளர் சொன்னார். மின்னலை நம்பவில்லை, சரி; இதையும் நம்பாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்டேன். ஆய்வாளர் எழுந்து, மூலையில் இருந்த லத்தியை என் கையில் கொடுத்து, துப்பாக்கி மாதிரி மேலே பார்த்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். எப்போது வெடிக்கும் என்று சொல்லமாட்டேன் என்றார். கோகிலவாணி அம்மா நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு யாரோ பெரிய பதிவேடு ஒன்றால் மேசையில் ஓங்கி அடித்தார்கள். யார் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் கண் திறந்தபோது எழுத்தர் பேனாவைக் கீழே போட்டிருந்தார். ஆய்வாளர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கோகிலவாணி அம்மா தன் நாற்காலியில் இல்லை. மேசைமேல் இருந்த கோப்பும் இல்லை. அது எந்தப் பக்கம் போனது, அதில் யார் என்ன எழுதினார்கள் என்பதையும் நான் பார்க்கவில்லை.

வாக்குமூலம் கொடுத்தவர் லத்தியைத் தூக்கிய கணத்திலிருந்து சத்தம் அடங்கி வெகுநேரம் வரை இரு கண்களையும் இறுக மூடியிருந்தது எங்களால் நேரில் கவனிக்கப்பட்டது என்று ஆய்வாளர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்க்கப்பட்டது.

மேலே கண்டதை எழுத்தர் எனக்கு முதலிலிருந்து படித்துக் காட்டினார். நான் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறார். கூட்டியதெல்லாம் நானே கூட்டியது. புலி, தறி, விமானம், மின்னல், குதிரைச் செருப்பு இவற்றுக்கு நான் பொறுப்பு. இவற்றில் சத்தியம் செய்யத்தக்கது எது என்று ஆய்வாளர் கேட்டதற்கு, பெயர், வயது, விலாசம் நீங்கலாக, கண்ணை மூடிக்கொண்டேன் என்ற அந்தச் சின்ன விஷயம் ஒன்று மட்டும் முழு உண்மை என்று சொல்லிக் கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்) த. அப்பாதுரை
இரும்புலியூர்